பலா மரத்திலிருந்து விழாத என் மச்சான்

தூங்கிக்கொண்டிருந்த ஒரு மனிதரின் தொடையில் காந்தம் வைத்துப் பார்த்தவன் நான்.

ஆம், காந்தம்! பழுதான டிரான்சிஸ்டரின் ஸ்பீக்கரிலிருந்து பெயர்த்தெடுத்த வட்டக் காந்தம். வைத்தது பட்டப்பகலில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. வைக்கப்பட்டவர் என் மனைவியின் அண்ணன். வைத்தவனுக்கு அப்போதே ஐம்பது வயது தாண்டியிருந்தது. கடலூரில் ஒரு கல்லூரி நூலகத்தின் பொறுப்பாளன். போதாக்குறைக்கு, வார இதழ்களில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன் என்று நாலு பேருக்குத் தெரிந்தவன்.

சிரித்துக்கொள்ளுங்கள். சிரிக்க வேண்டிய இடம்தான். ஆனால் இங்கேயே சிரித்து முடித்துவிடுங்கள். ஏனெனில் நான் ஒப்புக்கொள்ள வந்தது காந்தத்தை அல்ல. காந்தம் வெறும் கோமாளித்தனம். அதற்கு முன்னால் ஒரு வேடிக்கைப் பேச்சும், பின்னால் ஒரு வாக்கியமும் இருக்கின்றன. அந்த வாக்கியம்தான் குற்றம்... இரண்டு வருடமாக அது என் தொண்டையில் நிற்கிறது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அவர் பெயர் கோதண்டம். மேல்பட்டாம்பாக்கத்தில் வீடு. பட்டாளத்திலிருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்தவர். மீசை முளைத்த புதிதில், இலங்கைக்கு அமைதி காக்கப் போன படையோடு அவரும் போனார். திரும்பி வந்தபோது இடது தொடையில் ஒரு தழும்பு இருந்தது. இடது காது பாதிதான் கேட்டது. கண்ணிவெடி என்றார்.

பார்த்தீர்களா... "என்றார்" என்று எழுதுகிறேன்! இவ்வளவு நடந்த பிறகும் என் கை "கண்ணிவெடி" என்று எழுதி முற்றுப்புள்ளி வைக்க மறுக்கிறது. சந்தேகம் மூக்குப்பொடி மாதிரி. விட்டுவிட்டேன் என்று சொல்லும்போதே விரல் மூக்குக்குப் போகும்.

ஏன் சந்தேகப்பட்டேன்? காரணங்கள் இருந்தன, சந்தேகப்படுகிறவனுக்குக் காரணங்களுக்கா பஞ்சம்! ஐப்பசி, கார்த்திகை மழையில் அவர் நொண்டுவார். சித்திரை வெயிலில் நன்றாக நடப்பார். காயம் என்ன பருவப்பயிரா? அவருடைய மனைவி கடைக்குப் போகச் சொன்னால் காது கேட்காது. பக்கத்து அறையில் யாராவது கிரிக்கெட் ஸ்கோர் சொன்னால் கேட்டுவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் போரைப் பற்றிப் பேசவே மாட்டார். நான் போர்களைப் பற்றி அலமாரி அலமாரியாகப் படித்தவன். புத்தகத்தில் வரும் சிப்பாய்கள் அத்தியாயம் அத்தியாயமாகப் பேசுகிறார்கள். இவரோ, "ஆமா மச்சான், ரொம்பப் பேரு போயிட்டாங்க" என்பார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். உண்மையாகவே போரைப் பார்த்தவன் இவ்வளவு சுருக்கமாகவா பேசுவான்?

இப்படி யோசித்தவனைத்தான் ஊர் படித்தவன் என்கிறது!

முதலில் அந்த வேடிக்கைப் பேச்சைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கத்தில் மச்சானை மச்சான் கேலி செய்வது பிறப்புரிமைக்கு அடுத்தபடியான உரிமை. தாலி கட்டிய கையோடு வந்துவிடும். கோபித்துக்கொள்ள வழியே கிடையாது. கோபித்துக்கொண்டால், "மச்சான் கேலிக்குப் போயி மூஞ்சத் தூக்குறாம் பாரு" என்று அதுவே இரண்டாவது கேலியாகிவிடும்.

என் கல்யாணம் பண்ருட்டியில் நடந்தது. நான் புது மாப்பிள்ளை. பந்தியில் என் எதிர் வரிசையில் கோதண்டம். எங்கள் வீட்டுச் சித்தப்பா ஒருவர், வாயில் அப்பளத்தோடு, பந்திக்கே கேட்கும்படி அவரைக் கேட்டார்:

"ஏம்ப்பா, அங்க போயி நம்ம ஆளுங்களயே சுட்டீங்களாமே? கால்ல பட்டது அவுங்க திருப்பிக் குடுத்ததா?"

பந்தி நின்றுவிட்டது. சாம்பார் வாளியோடு வந்தவர் கரண்டியைத் தூக்கியபடியே நின்றார். கோதண்டம் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அமைதியில் என் மூளைக்குள் ஒரு பல்பு எரிந்தது. எரிந்திருக்கக் கூடாது!

"சித்தப்பா, அவரு சண்டைக்கே போவல," என்றேன். "லீவுல வந்தப்ப பலா மரத்துல ஏறினாரு. பழத்தக் கட்டிப் புடிச்சிக்கினே வுழுந்தாரு. பழத்துக்கு ஒண்ணும் ஆவல, தொடதான் கிழிஞ்சிது. பட்டாளத்துல சொல்ல வெக்கமாயிருக்குமேன்னு கண்ணிவெடின்னு சொல்லிட்டாரு!"

பந்தி வெடித்துச் சிரித்தது. சித்தப்பாவுக்குப் புரையேறியது. முதலில் சிரித்தவர் யார் தெரியுமா? கோதண்டம்.

கை கழுவும் இடத்தில் அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். "நல்ல வேள மச்சான், காப்பாத்துனீங்க" என்றார், மிகவும் மெதுவாக.

அந்தச் சொல்லை அன்று நான் எப்படி எடுத்துக்கொண்டேன் என்பதில்தான் என் புத்தியின் இலட்சணம் இருக்கிறது. ஊர் தன்னை எந்தக் கண்ணால் பார்க்கிறது என்று தெரிந்த ஒரு மனிதர், ஒதுங்க ஒரு மரம் கிடைத்ததே என்று என் பலா மரத்தடியில் ஒதுங்கினார். நான் அதையே சாட்சியமாக எடுத்துக்கொண்டேன்! மறுக்கவில்லையே... உண்மையில் காயம்பட்டவன் சிரிப்பானா? "காப்பாத்துனீங்க" என்றால், எதிலிருந்து? ஆக, ஏதோ இருக்கிறது...

நானே கட்டிய கதையை நானே நம்பத் தொடங்கிய நாள் அது. இப்படி ஒரு முட்டாளை நீங்கள் கதையில் படித்தால் ஆசிரியர் மிகைப்படுத்துகிறார் என்பீர்கள்.

பிறகு அந்த மரம் வளர்ந்தது. நான் தண்ணீர் ஊற்றினேன். ஒவ்வொரு பொங்கலுக்கும், ஒவ்வொரு காதுகுத்துக்கும். சில வருடங்களில் எனக்குத் தெரியாமலே கிளை விட்டது. மரம் காடாம்புலியூர் போகிற வழியில் இருக்கிறது என்று ஒருவர் இடம் சொன்னார். அது வேர்ப்பலா, ஏற வேண்டியதே இல்லை, தடுக்கித்தான் விழுந்தார் என்று இன்னொருவர் திருத்தினார். கோதண்டத்தின் தெருமுனையில் டீக்கடை வைத்திருக்கும் ராஜாராம், "நான்தான் வண்டில போட்டு ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனேன்" என்று சொல்ல ஆரம்பித்தார். அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் வேடிக்கை. பலமுறை கேட்டதைத் தானே பார்த்ததாக அவர் மனமார நம்பினார். பிற்பாடு, கேலி செய்கிறோம் என்பதுகூட யாருக்கும் நினைவில்லை. அது தகவலாகிவிட்டது.

கோதண்டம் ஒவ்வொரு முறையும் சிரித்தார். என்னால் ஒன்று மட்டும் சொல்ல முடியும்: அந்தச் சிரிப்பு வருடத்துக்கு வருடம் சின்னதாகிக்கொண்டு வந்தது. நான் கவனித்தேன். கவனித்தும்...

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு குடியரசு தினம். கடலூரில் ஒரு மண்டபத்தில் முன்னாள் படைவீரர்களுக்குப் பாராட்டு விழா. நானும் போயிருந்தேன். "போரில் காயமடைந்த வீரர்கள் எழுந்து நிற்கவும்" என்று மைக்கில் அறிவித்தார்கள். முன் வரிசையில் சிலர் எழுந்தார்கள். பின்னால், எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி, கோதண்டமும் எழுந்தார். முழுதாக நிமிரவில்லை. பக்கத்திலிருந்த அவர் தெருக்காரர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"பலா மரத்துக்கெல்லாம் பொன்னாடை கெடையாது கோதண்டம். உக்காரு."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். கோதண்டம் உட்கார்ந்தார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மஞ்சக்குப்பத்தில் என் வீட்டுக்கு வந்தார்.

"மச்சான், நீங்க நல்லா எழுதுவீங்கல்ல. எனக்கு ஒரு மனு எழுதிக் குடுங்க."

"எதுக்கு மச்சான்? பென்ஷன் ஜாஸ்தியா கேக்கறதுக்கா?"

"பணம் வாணாம். வர்றதே போதும். போர்ல பட்ட காயம்னு என் பேருக்கு நேரா ஒரு வரி எழுதணும். அவ்ளோதான்."

"இத்தினி வருஷம் கேக்காம இப்ப என்னா திடீர்னு?"

"அப்ப இங்க யாருகிட்ட சொல்றது மச்சான்? சொன்னா, யாரச் சுட்டேன்னு கேப்பாங்க. காயத்தக் கேக்க மாட்டாங்க. இப்ப வயசாயிடிச்சி. நாளைக்குச் செத்தா, மரத்துலேர்ந்து வுழுந்தவன்னு சொல்லிக்கினேதான தூக்கிக்கினு போவாங்க?"

என் மனைவி சுகுணா சமையலறை வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் பேனாவைத் திறந்தேன். என் கண் ஈரமாகவில்லை. நான் அவரைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தேன்!

"ஆதாரம் ஏதாவது..."

"என்னாத்த ஆதாரம்? எங்கூட இருந்தவங்கள ஹெலிகாப்டர்ல ஏத்துனாங்க. எடம் இல்ல. டாக்டரு என்னியப் பாத்தாரு. சின்னக் காயம் சார்னு நானே சொல்லிட்டேன். கட்டு போட்டுக்கினு அங்கியே இருந்துட்டேன். சின்னக் காயத்துக்கு எவன் பேப்பர் வெச்சிக்கினு இருப்பான்?"

வெடித்தபோது அவர் பக்கத்தில் நின்ற இருவரில் ஒருவர் அங்கேயே போய்விட்டார். மற்றவர் சிதம்பரத்துக்காரர், ஊருக்கு வந்து சர்க்கரை நோயில் இறந்துபோனார். ஆதாரம் இல்லை, சாட்சி இல்லை. எவ்வளவு வசதி என்று நினைத்தேன். ஆம்... அந்தச் சொல்லைத்தான் நினைத்தேன். வசதி!

புறப்படும்போது தொடையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "உள்ள ஒரு சில்லு இன்னும் இருக்கு மச்சான். மழக்காலத்துல பேசும்."

அந்தச் சில்லுதான் என்னைத் தூங்கவிடாமல் அடித்தது. உள்ளே இரும்பு இருக்கிறதா இல்லையா? இருந்தால் அவர் வீரர். இல்லையென்றால் நான் அறிவாளி. எக்ஸ்ரே என்று ஒன்று இந்த உலகத்தில் இருப்பது, ஆயிரக்கணக்கான புத்தகங்களுக்கு நடுவில் சம்பளம் வாங்குகிற எனக்குத் தோன்றவில்லை. காந்தம்தான் தோன்றியது.

மனுவில் கையெழுத்து வாங்கப் போன ஒரு மதியம், அவர் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் கோரைப்பாயில் படுத்திருந்தார். வேட்டி முழங்காலுக்கு மேல் ஏறியிருந்தது. மின்விசிறி சுற்றியது. நான் சட்டைப் பையிலிருந்து காந்தத்தை எடுத்து, குனிந்து, தழும்பின் மேல் மெல்ல வைத்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தேன். நகர்த்தினேன். தூக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை. இழுக்கவில்லை. கல்லின் மேல் வைத்தது போல் இருந்தது.

பிடிபட்டாய் கோதண்டம்! இதுதான் என் மனத்தில் ஓடியது. வெட்கத்தோடு எழுதுகிறேன்... எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இனி அந்த வாக்கியம்.

முன்னாள் படைவீரர் நல ஆபீசுக்கு மனு போனது. பதில் வந்தது. காயம் ஊரில் வேறு எப்படியும் பட்டதல்ல என்று உறுதி செய்துகொள்ள, விசாரிக்க ஓர் ஆளை அனுப்பினார்கள். கையில் கோப்பு, தோளில் பை, முகத்தில் வெயில். அவர் நேராக வீட்டுக்கு வரவில்லை. விவரமான மனிதர், முதலில் டீக்கடைக்குப் போனார்.

டீக்கடை அவரை அன்போடு வரவேற்றது. ராஜாராம் வண்டியில் ஏற்றிப்போனதைச் சொன்னார். இன்னொருவர் மரத்தைக் காட்டுவதாகவே சொன்னாராம். யாரும் கோதண்டத்துக்குக் கெடுதல் நினைக்கவில்லை. ஊர்ப் பெருமைகளில் ஒன்றைப் புது ஆளுக்குச் சொல்கிற உற்சாகம், அவ்வளவுதான்.

பிறகு அவர் வீட்டுக்கு வந்தார். அன்று நானும் அங்கே இருந்தேன். உதவிக்கு இருக்கட்டும் என்று கோதண்டம்தான் வரச்சொல்லியிருந்தார். சலவைச் சட்டை போட்டு, மீசையை முறுக்கிவிட்டிருந்தார். மனைவி ஊரில் இல்லாததால், "இருங்க சார், டீ போட்டுக் கொண்டாறேன்" என்று அவரே உள்ளே போனார்.

வந்தவர் என் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"சார், பாத்தா படிச்சவரா தெரியறீங்க. இவருக்குச் சொந்தமா?"

"ஆமாம். தங்கச்சி வீட்டுக்காரன்."

"அப்ப உங்களுக்குத் தெரியாம இருக்காது. மரத்துலேர்ந்து வுழுந்ததுன்னு தெருவே சொல்லுது. நெசந்தானா?"

ஒரு கணம் இருந்தது. அந்தக் கணத்துக்குள் ஒரு முழு வாழ்க்கையே நுழைந்து வெளியேறலாம் போல அவ்வளவு அகலமாக இருந்தது. "அது நான் கட்டிய கதை சார். என் கல்யாணப் பந்தியில் சிரிப்புக்காகச் சொன்னது" என்று சொல்லியிருக்கலாம். சிரிப்போடுகூடச் சொல்லியிருக்கலாம், அது எனக்குக் கைவந்த கலை.

நான் என்ன சொன்னேன்?

"ஊர்ல அப்படித்தான் பேசிக்கிறாங்க சார்."

இதுதான் அந்த வாக்கியம். நன்றாகப் பாருங்கள். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை! ஊரில் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். பேச வைத்தவன் யார் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. நான் துப்பிய எச்சிலை, ஊரில் பெய்த மழை என்று சாட்சி சொன்னேன்.

ஏன் சொன்னேன்? காந்தம் ஒட்டாததாலா? பொய் மனு எழுதினான் என்று நாளை என் தலையில் விழுமோ என்ற பயமா? அல்லது, என் நகைச்சுவை ஒரு மனிதரைக் கெடுத்துவிட்டது என்பதைவிட, என் நகைச்சுவை உண்மையாகிவிட்டது என்பது எனக்குப் பிடித்திருந்ததா? எனக்கே தெரியவில்லை. மூன்றாவதுதான் என்று நீங்கள் சந்தேகப்படுவது எனக்குத் தெரிகிறது. சந்தேகப்படுங்கள்.

கோதண்டம் தட்டில் டீயோடு வந்தார். "சர்க்கர போதுமா சார்?" என்று கேட்டார். வந்தவர் போதும் என்றார்.

மனு தள்ளுபடியானது. "ஊரு கவுத்துடிச்சி மச்சான்" என்றார் கோதண்டம். ராஜாராம் கடையில் டீ குடிப்பதை நிறுத்தினார். பலாப்பழம் என்றால் உயிரை விடுகிறவர், அடுத்த கோடையில் எங்கள் வீட்டில் பழம் வெட்டியபோது, எண்ணெய் தடவிய கத்தியைப் பார்த்ததும் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். சுகுணா ஒரு சுளையைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். "வவுறு சரியில்ல" என்றார்.

என்மேல் மட்டும் அவருக்குக் கோபமே இல்லை. ஊர் அத்தனையும் கைவிட்டபோது கூட நின்றவன் நான் ஒருவன்தானே! "எங்க அண்ணனுக்காக எவ்ளோ அலையுறாரு" என்று சுகுணா தன் தங்கையிடம் போனில் சொல்வதைப் பக்கத்து அறையிலிருந்து கேட்டேன். என் இரண்டு காதும் நன்றாகக் கேட்கும், அதுதான் தண்டனை.

சென்ற மழையில் அவரால் நடக்கவே முடியவில்லை. சிதம்பரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். எக்ஸ்ரே அறையிலிருந்து ஆள் எட்டிப் பார்த்துக் கத்தினார்:

"பெரியவரே, பாக்கெட்டுல சாவி கீவி இருந்தா எடுத்து வெச்சிட்டுப் படுங்க!"

"வேட்டிக்கு ஏதுப்பா பாக்கெட்டு?" என்றார் கோதண்டம்.

படம் வந்தது. டாக்டரம்மா வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். தொடை எலும்பை ஒட்டி, முந்திரிப்பருப்பு அளவில், ஓரம் கிழிந்த ஒரு வெள்ளைத் துண்டு.

இத்தனை வருடம் அது அங்கே இருந்திருக்கிறது. பந்தியில் நான் சிரிக்க வைத்தபோது... பொங்கலுக்குப் பொங்கல்... நான் காந்தத்தோடு குனிந்தபோது... எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு.

"ரொம்பப் பழசு. வெடிச்ச துண்டு மாதிரி இருக்கு. இத்தன நாளா எப்படி சும்மா இருந்தீங்க?" என்றார் டாக்டரம்மா. கோதண்டம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நாள் கழித்து ஊர்க்காரன் ஒருவனைப் பார்க்கிற முகம்.

அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு நின்றபோது, இடது காது எங்கள் பக்கம் இருப்பதைப் பார்த்துக்கொண்டு, நான் மெதுவாகக் கேட்டேன்:

"டாக்டர், ஒரு பேச்சுக்குக் கேக்கறேன்... வெளியிலேர்ந்து காந்தம் வெச்சா இது ஒட்டுமா?"

"இவ்ளோ ஆழத்துல இருக்கறது எப்படி சார் ஒட்டும்? அது இரும்போ வேற என்னவோ." அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன், யாராவது வெச்சுப் பாத்தாங்களா?"

"இல்ல இல்ல. பொது அறிவுக்கு."

மறுநாளே படத்தை எடுத்துக்கொண்டு அந்த ஆபீசுக்குத் தனியாகப் போனேன். அதே மனிதர் உட்கார்ந்திருந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. படத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"உள்ள ஏதோ இருக்கு, சரி. எப்பப் போச்சுன்னு இது சொல்லுமா? மரத்தடியில வேலிக்கம்பி எதுனா இருந்திருக்கும்."

"மரமே கிடையாது சார்."

"தெருவே சொல்லுது சார். தெருவ வுடுங்க. வீட்டுல சொந்தக்காரர் ஒருத்தரு இருந்தாரு, படிச்சவரு, அவரே ஒத்துக்கினாரு. அத வெச்சித்தான் முடிச்சோம். அந்த ஆளு வந்து, நான் சொன்னது தப்புன்னு எழுதிக் குடுத்தா மறுபடி பாக்கலாம்."

"அவரு... எப்படி இருந்தாருன்னு ஞாபகம் இருக்கா?"

"எத்தினி பேரப் பாக்கறோம்! நரச்ச தல. கண்ணாடி போட்டிருந்தாரு."

நான் கண்ணாடியைக் கழற்றினேன். கைக்குட்டையால் துடைத்தேன். ரொம்ப நேரம் துடைத்தேன். "சொல்லி அனுப்பறேன் சார்" என்றேன். வெளியே வந்து, படிகளைக் காலால் தடவித் தடவி இறங்கி, தெருவுக்கு வரும்வரை அதை நான் மறுபடி மாட்டிக்கொள்ளவில்லை.

இதை எழுதுகிற இன்றுவரை அந்தச் சொந்தக்காரர் ஆபீசுக்குப் போகவில்லை. போனால் எழுதிக் கொடுக்க வேண்டும்: கதை என்னுடையது, சாட்சி சொன்னதும் நான்தான் என்று. ராஜாராம் கடைக்குத் தெரிந்துவிடும். சுகுணாவுக்குத் தெரிந்துவிடும். ஊரைச் சிரிக்க வைத்துப் பிழைப்பவனுக்கு, ஊர் தன்னைப் பார்த்துச் சிரித்துவிடுமோ என்று எவ்வளவு பயம் பாருங்கள்! ஆபீசுக்கு எழுத வேண்டியதை உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்களிடம் முத்திரை இல்லை. அந்த ஒரு வரியை உங்களால் எழுத முடியாது. அதனால்தான் உங்களிடம் தைரியமாகச் சொல்கிறேனோ?

அவரிடம் சொல்லவேயில்லையா என்று கேட்பீர்கள். சொன்னேன். போன வாரம் சொன்னேன். சொன்ன இலட்சணத்தையும் கேளுங்கள்.

டாக்டரம்மா மறுபடி வரச்சொன்ன நாள். சிதம்பரத்திலிருந்து திரும்பும்போது, பேருந்தில் டிரைவர் பக்க வரிசையில் ஜன்னலோரமாக அவரை உட்கார வைத்தேன். காற்று வரும் என்றேன். காரணம் காற்று இல்லை. அங்கே உட்கார்ந்தால்தான் அவருடைய இடது காது என் பக்கம் இருக்கும்!

புதுச்சத்திரம் தாண்டியதும் ஆரம்பித்தேன். டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை; அது எனக்குச் சௌகரியமாக இருந்தது. விசாரிக்க வந்தவரிடம் நான் சொன்ன வாக்கியத்தைச் சொன்னேன். ஆபீசில் கண்ணாடியைக் கழற்றியதைச் சொன்னேன். மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேனா என்று நினைவில்லை. அந்த இடத்தில் லாரி ஒன்று குறுக்கே வந்தது. அவர் வெளியே உப்பங்கழியையும் சவுக்குத் தோப்பையும் பார்த்துக்கொண்டிருந்தார். காந்தத்தை மட்டும் சொல்லவில்லை. அவ்வளவு அவமானத்தைச் செவிட்டுக் காதுக்குக்கூடச் சொல்ல முடியவில்லை.

சொல்லி முடித்தால் மனம் லேசாகும் என்கிறார்கள். ஆகவில்லை... பூட்டிய வீட்டு வாசலில் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்புகிறவனுக்கு எப்படி லேசாகும்?

ஆலப்பாக்கத்தில் அவர் என் பக்கம் திரும்பினார். "என்னா மச்சான், ஏதோ பேசிக்கினு வந்தீங்களே?"

"ஒண்ணுமில்ல. மழ வரும் போல."

"வராது" என்றார். தொடையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

கடலூர் பேருந்து நிலையத்தில் பண்ருட்டி பஸ் நின்றிருந்தது. அவரைப் பிடித்து ஏற்றிவிட்டேன். ஜன்னலோர இடம் கிடைத்தது. எக்ஸ்ரே படத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"மச்சான், டாக்டரம்மாகிட்ட அன்னிக்குக் காந்தம் ஒட்டுமான்னு கேட்டீங்கல்ல?"

அந்தக் காது கேட்டிருக்கிறது!

"நீங்க வெச்சப்ப நான் தூங்கல. பட்டாளத்தான் தூங்கும்போது தொட்டா முழிச்சிக்க மாட்டானா? உங்களுக்கு வெக்கமாப் போயிடுமேன்னு கண்ண மூடிக்கினு கெடந்தேன். ஜில்லுன்னு இருந்திச்சி."

டாக்டர் அறையில் கேட்ட காது பேருந்தில் கேட்காமலா இருந்திருக்கும்? எதுவரை கேட்டது? எந்த ஹாரன் எதை மறைத்தது? அவர் முகத்தில் தேடினேன். கோபமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. பஸ் நகர ஆரம்பித்தது. நான் கூடவே நடந்தேன், பிறகு ஓடினேன்.

அவர் ஜன்னலிலிருந்து தலையை நீட்டிச் சொன்னார்:

"ஆபீசுக்குப் போவும்போது கண்ணாடியக் கழட்டாதீங்க மச்சான். படியில வுழுந்து தொலைப்பீங்க. அப்புறம் அதையும் பலா மரம்னு சொல்லிடுவாங்க."